கணவருக்குத் தெரியாமல் வாங்கிய கடன்: எங்கே தொடங்கி எப்படி அடைப்பது?

ஈரோடு மாவட்டத்திலிருந்து 36 வயது வாசகி ஒருவர் ஆறு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டு, சாரத்தை மட்டும் தருகிறேன்.

தனியார் நிறுவனம் ஒன்றில் கணக்கு எழுதும் வேலை. சம்பளம் 24,000. கணவர் சரக்கு வேன் ஓட்டுகிறார்; வீட்டுச் செலவுக்கு மாதம் 15,000 கொடுப்பார். எட்டாவதும் நான்காவதும் படிக்கும் இரண்டு பிள்ளைகள். இரண்டு வருடத்துக்கு முன்னால் இவருடைய அம்மாவுக்குக் கர்ப்பப்பை அறுவை சிகிச்சை நடந்தது. தம்பியால் முடியவில்லை. ‘அம்மா வீட்டுக்குப் பணம் வேண்டும்’ என்று கணவரிடம் கேட்கக் கூச்சப்பட்டு, இரண்டு பவுன் ஆரத்தை அடகு வைத்து 60,000 கொடுத்தார். மூன்று மாதத்தில் மீட்டுவிடலாம் என்று நினைத்தார், முடியவில்லை. அடுத்து நான்கு பவுன் வளையல் போனது. பிறகு கிரெடிட் கார்டு, வங்கியில் தனிநபர் கடன், பக்கத்துத் தெருவில் ஐந்து வட்டிக்கு 40,000, செல்போன் செயலியில் கடன் என்று வரிசையாகச் சேர்ந்துவிட்டது. கணவருக்கு இன்று வரை ஒன்றும் தெரியாது.

வருகிற தை மாதம் நாத்தனார் மகளுக்குக் கல்யாணம். கணவர்தான் தாய்மாமன். ஆரம் எங்கே என்று கேட்பார்களே என்று இவருக்குத் தூக்கம் போய்விட்டது. ஆறு லட்சம் வாங்கித் தருவதாக ஒரு ஏஜென்ட் சொல்கிறார், 15,000 முன்பணம் கட்டச் சொல்கிறார். ஐ.பி., அதாவது திவால் மனு, கொடுத்துவிடலாமா என்று ஒரு யோசனை. வசூல்காரர்கள் காலை ஆறரை மணிக்கே போன் செய்து, ‘நாளைக்குப் போலீஸ் உங்கள் ஆபீஸுக்கு வரும்’ என்று மிரட்டுகிறார்களாம். “மொத்தம் நாலு லட்சம் இருக்கும் சார். எப்படி அடைப்பது?” என்று கேட்டிருக்கிறார். கடைசிப் பக்கத்தில், “பிள்ளைகள் மட்டும் இல்லையென்றால் என்றைக்கோ போய்ச் சேர்ந்திருப்பேன்” என்று ஒரு வரி.

அன்புள்ள சகோதரி,

அந்தக் கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்கிறேன். அதைப் போகிற போக்கில் எழுதியிருந்தாலும் நான் அப்படி எடுத்துக்கொள்ள மாட்டேன். அந்த எண்ணம் தலை தூக்கும்போது 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். அரசின் மனநல உதவி எண் அது. இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசுவார்கள், கட்டணம் கிடையாது. 104-க்கும் பேசலாம். கடனைப் பற்றி நான் கீழே சொல்வதை எல்லாம் நாளைக்கோ அடுத்த வாரமோ செய்துகொள்ளலாம். இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

வங்கியில் கடன் பிரிவில் வேலை பார்த்தவன் நான். இப்போது கடனில் மாட்டிக்கொண்ட குடும்பங்களுக்குக் கணக்குப் போட்டுக் கொடுக்கிறேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன், உங்கள் கடன் அடைக்கக்கூடிய கடன்தான். உங்களுக்கு மாதச் சம்பளம் இருக்கிறது, ஆறு பவுன் இருக்கிறது, பாதிக்கு மேல் கட்டிவிட்ட ஏலச்சீட்டு ஒன்றும் இருக்கிறது. ஆனால் இதை மறைத்துக்கொண்டே அடைக்க முடியாது.

முதலில் உண்மையான கணக்கு

நாலு லட்சம் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் அங்கங்கே சிதறிக் கிடக்கும் தொகைகளைப் பொறுக்கி எடுத்துக் கூட்டிப் பார்த்தேன். கார்டு பாக்கி 1,12,000. தனிநபர் கடன் 1,85,000. அடகுக் கடையில் இரண்டு சீட்டு: ஆரத்துக்கு 60,000, வளையலுக்கு 1,20,000. ஐந்து வட்டிக் கடன் 40,000. மாதத் தவணை கட்டும் செயலிக் கடன் 18,000. ஏழு நாள் செயலிக் கடன் 5,000. ஆக மொத்தம் 5,40,000. கணக்கு எழுதியே பிழைக்கும் உங்களுக்கு ஒன்றே கால் லட்சத்துக்கு மேல் கண்ணில் படாமல் போயிருக்கிறது. கூட்டிப் பார்க்கவே பயமாக இருக்கும்போது யாருக்கும் இப்படித்தான் ஆகும். உங்களைக் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை.

மாதம் கட்டுவது: கார்டுக்குக் குறைந்தபட்சத் தொகை 5,600, தனிநபர் கடன் தவணை 6,900, அடகு வட்டி 3,600, ஐந்து வட்டி 2,000, செயலித் தவணை 3,200, ஏலச்சீட்டு கழிவு போக 4,500. கூட்டினால் 25,800. உங்கள் சம்பளத்தைவிட அதிகம்.

வீட்டுச் செலவு 18,000 என்று பட்டியல் போட்டிருக்கிறீர்கள். வாடகை, மளிகை, பால், கேஸ், கரண்ட் பில், பஸ் கட்டணம் என்று எல்லாம் சரியாகவே இருக்கிறது. ஆனால் அது மாதாமாதம் வரும் செலவு மட்டும். பள்ளிக் கட்டணம் 52,000 என்று வேறு ஒரு பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். அது இந்தப் பட்டியலில் இல்லை. தீபாவளி, பொங்கல் துணிமணிக்கு 12,000, மொய், சீர் என்று 8,000, வண்டி இன்சூரன்ஸுக்கும் டாக்டர் செலவுக்கும் 6,000 என்று நான் குறைத்தே போட்டுக்கொள்கிறேன். வருடத்துக்கு 78,000 ஆகிறது. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 6,500. ஆக உங்கள் வீட்டுச் செலவு 24,500.

24,500-ஐயும் 25,800-ஐயும் கூட்டினால் 50,300. வீட்டுக்கு வருவது 39,000. மாதம் 11,300 துண்டு விழுகிறது. “நான் ஊதாரி இல்லை சார், ஒரு புடவைகூட வாங்கவில்லை, பணம் எங்கே போகிறது என்றே தெரியவில்லை” என்று எழுதியிருந்தீர்கள். இங்கேதான் போகிறது. இந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் ஒவ்வொரு ஜூன் மாதமும் ஒரு புதுக் கடன் வந்திருக்கிறது. சிக்கனமாக இருந்து மட்டும் இதைச் சரிக்கட்ட முடியாது. தவணைத் தொகையையே குறைக்க வேண்டும்.

குறைந்தபட்சத் தொகை கட்டினால் போதும் என்ற நினைப்பு

கார்டுக்கு மாதம் தவறாமல் 5,600 கட்டுவதால் அந்தக் கடன் ‘ஓடிக்கொண்டிருக்கிறது’ என்கிறீர்கள். ஓடவில்லை, நின்ற இடத்திலேயே நிற்கிறது. மாதம் மூன்றரை சதவீத வட்டி என்று உங்கள் ஸ்டேட்மென்டில் இருக்கிறது. 1,12,000-க்கு அது 3,920. அந்த வட்டிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. இன்னொரு 706. நீங்கள் கட்டும் 5,600-இல் 4,626 இப்படிப் போய்விடுகிறது. அசலில் கழிவது ஆயிரத்துக்கும் குறைவு. இனி ஒரு ரூபாய்கூடக் கார்டில் தேய்க்காமல், குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டிக்கொண்டே போனால், பாக்கி பாதியாவதற்கே ஆறரை வருடம் ஆகும். பாக்கி இருக்கும்வரை புதிதாக வாங்கும் மளிகைக்கும் அன்றைய தேதியிலிருந்தே வட்டி ஓடும் என்பதையும் கவனியுங்கள். ஐம்பது நாள் வட்டியில்லாக் காலம் என்பதெல்லாம் போன மாதப் பாக்கியை முழுதாகக் கட்டியவர்களுக்குத்தான்.

இந்தப் பாக்கியைத் தவணையாக மாற்றித் தரச் சொல்லி வங்கியிடம் கேட்கலாம். 18 சதவீத வட்டியில் 24 மாதத் தவணை கிடைத்தால் மாதம் ஏறக்குறைய 5,600 வரும், வட்டிக்கான ஜி.எஸ்.டி. கொஞ்சம் கூடும். இப்போது கட்டும் அதே பணம்தான், ஆனால் இரண்டே வருடத்தில் கடன் தீர்ந்துவிடும். இதைவிட நல்ல வழி ஒன்றைக் கீழே சொல்கிறேன். அது நடக்காமல் போனால் இதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பாதித் தொகைக்கு ‘செட்டில்மென்ட்’ பேசித் தருவதாக ஒருவர் சொன்னதையும் எழுதியிருக்கிறீர்கள். அப்படி முடித்தால், உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் ‘முழுதாகக் கட்டி முடித்தது’ என்று வராது, ‘செட்டில் செய்தது’ என்று வரும். பல வருடம் அது அப்படியே நிற்கும். நாளைக்குப் பிள்ளைகளின் கல்விக் கடனுக்கு நீங்கள் கையெழுத்துப் போடப் போகும்போது குறுக்கே வரும். வேறு வழியே இல்லாதவர்களுக்கு அது சரி. உங்களுக்கு வழி இருக்கிறது.

கணவரிடம் சொல்வது

நீங்கள் மிகவும் பயப்படுவது இதற்குத்தான் என்று தெரிகிறது. மறைத்ததற்கு இதுவரை எவ்வளவு கொடுத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். ஒன்றரை வருடத்துக்கு முன்னால் கொழுந்தனார் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு ஆரம் போட்டுக்கொண்டு போக வேண்டும் என்று, கையில் இருந்ததோடு ஐந்து வட்டிக்கு 40,000 வாங்கி ஆரத்தை மீட்டீர்கள். இரண்டு நாள் கழுத்தில் இருந்தது. மூன்றாம் நாள் மறுபடி அடகுக் கடைக்குப் போனது. திரும்ப வந்த பணம் பள்ளிக் கட்டணத்துக்குப் போய்விட்டது, 40,000 கடன் மட்டும் நின்றுவிட்டது. அதற்குப் பதினெட்டு மாதமாக, மாதம் 2,000 வீதம் 36,000 வட்டி கட்டியிருக்கிறீர்கள். அசலில் ஒரு ரூபாய் குறையவில்லை. இந்தத் தை மாதக் கல்யாணத்துக்கும் அதையே செய்யலாமா என்று கேட்கிறீர்கள். வேண்டாம் அம்மா. தயவுசெய்து செய்யாதீர்கள்.

இன்னொன்றையும் யோசியுங்கள். உங்கள் கணவர் தாய்மாமன். அக்கா மகளுக்கு ஒரு பவுன் சீர் செய்யப்போவதாக இப்போதே பேசிக்கொண்டிருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டில் இவ்வளவு கடன் இருப்பது தெரியாமல்தான் அந்த வாக்கைக் கொடுக்கப்போகிறார். சபையில் சொல்லிவிட்ட பிறகு அவரால் பின்வாங்க முடியாது. அவருடைய மானத்தைக் காப்பாற்றவாவது அதற்கு முன்னால் சொல்லியாக வேண்டும்.

எப்படிச் சொல்வது? லோடு இறக்கிவிட்டு அலுத்து வரும் இரவில் வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் பிள்ளைகளை அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டு உட்காருங்கள். அம்மாவின் ஆபரேஷனிலிருந்து தொடங்குங்கள். இது அங்கேதான் ஆரம்பித்தது, அதில் நீங்கள் வெட்கப்பட ஒன்றும் இல்லை. மேலே நான் போட்ட கணக்கை ஒரே தாளில் எழுதி அவர் கையில் கொடுங்கள். முழுத் தொகையையும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். இன்றைக்கு இரண்டு லட்சம் என்று சொல்லிவிட்டு அடுத்த மாதம் இன்னொரு மூன்று லட்சம் வெளியே வந்தால், அதன் பிறகு நீங்கள் சொல்லும் எதையும் அவர் நம்ப மாட்டார். கூடவே எப்படி அடைக்கப்போகிறோம் என்ற திட்டத்தையும் காட்டுங்கள்.

“அடிக்கிறவர் இல்லை சார், மாசக் கணக்கில் பேசாமல் இருந்துவிடுவார்” என்று எழுதியிருக்கிறீர்கள். இருக்கலாம். கொஞ்ச நாள் பேசாமல் இருக்க அவருக்கு உரிமையும் உண்டு. இரண்டு வருடம் மறைக்கப்பட்டவர் அவர். அதைத் தாங்கிக்கொள்ளுங்கள். தனியாகச் சொல்லத் தைரியம் வரவில்லை என்றால், அவர் மதிக்கும் பெரியவர் ஒருவரை உடன் வைத்துக்கொள்ளலாம். உங்கள் தம்பி வேண்டாம். அது ‘அம்மா வீட்டுப் பஞ்சாயத்து’ ஆகிவிடும். இதைப் படிக்கும் வேறு சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை: சொன்னால் அடி விழும் என்ற பயம் இருந்தால், முதலில் 181 மகளிர் உதவி எண்ணில் பேசிவிட்டு அடுத்த அடியை வையுங்கள்.

சட்டப்படி உங்கள் கடனுக்கு அவர் பொறுப்பா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அவர் இணை விண்ணப்பதாரராகவோ ஜாமீன்தாரராகவோ கையெழுத்துப் போடாதவரை பொறுப்பில்லை. வசூல்காரர்கள் அவரைக் கூப்பிட்டு மிரட்டவும் முடியாது.

நகை, சீட்டு, பாக்கி: எதை முதலில் தொடுவது

இதற்கு உங்களுக்கு மனசு வராது என்று தெரிந்தே சொல்கிறேன். ஆரத்தை விற்றுவிடுங்கள். நகையை விற்பது குடும்பத்துக்கு ஆகாது, அடகு வைப்பது பரவாயில்லை என்று நம் வீடுகளில் ஒரு நினைப்பு இருக்கிறது. இரண்டு வட்டிக்கு அடகில் கிடக்கும் நகைக்கு வருடத்துக்கு அதன் கடனில் கால்வாசி வட்டியாகப் போகிறது. இரண்டு வருடமாக ஆரம் உங்கள் கழுத்தில் இருந்தது இரண்டே நாள்.

நீங்கள் அடகு வைத்தபோது இருந்த விலையைவிடப் பவுன் இன்று எங்கேயோ போய்விட்டது. இரண்டு பவுனுக்குக் கழிவு போக 1,40,000 என்று குறைத்தே கணக்குப் போட்டிருக்கிறேன். மூன்று கடைகளில் எடை போட்டு விலை கேட்டுவிட்டுக் கொடுங்கள். ரசீது வாங்காமல் கொடுக்காதீர்கள்.

வரிசை இதுதான். இந்த மாதம் ஏலத்தில் சீட்டை எடுங்கள். இருபது மாதச் சீட்டில் பன்னிரண்டு கட்டியாகிவிட்டது. தள்ளுபடி போக 85,000 கையில் வரும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தெருவில் ஒரு அம்மா நடத்தும் பதிவில்லாத சீட்டு அது. 1982-ஆம் வருடச் சிட் ஃபண்ட் சட்டப்படி பதிவு செய்யாமல் சீட்டு நடத்தக் கூடாது. நாளைக்கு ஏதாவது என்றால் உங்களுக்குப் பிடிமானம் குறைவு. சீக்கிரம் எடுப்பதே நல்லது. எடுத்த பிறகு மீதி எட்டு மாதத்தையும் ஒழுங்காகக் கட்டிவிடுங்கள்.

அந்த 85,000-இல் 60,000 கொடுத்து ஆரத்தை மீட்டு விற்றால், கையில் மொத்தம் 1,65,000. அதில் 1,20,000 கொடுத்து வளையலை மீட்டு, அன்றைக்கே தேசிய வங்கியிலோ கூட்டுறவு வங்கியிலோ அதே 1,20,000-க்கு வையுங்கள். அங்கே நகைக் கடன் வட்டி வருடத்துக்கு ஏறக்குறைய பத்து சதவீதம்தான், மாதம் 1,000. அடகுக் கடையில் வளையலுக்கு மட்டும் 2,400 கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். இன்றைய விலைக்கு வங்கி இன்னும் அதிகம் தர முன்வரும். வாங்காதீர்கள். 1,20,000-க்கு மேல் ஒரு ரூபாய்கூட வேண்டாம்.

இப்போது மறுபடி கையில் 1,65,000. கார்டை 1,12,000 கட்டி முடியுங்கள். கட்டுவதற்கு முன்னால், முழுதாகக் கட்டுகிறேன், தாமதக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யுங்கள் என்று எழுதிக் கேளுங்கள். பல நேரம் செய்வார்கள். கார்டை ரத்து செய்து, நிலுவை இல்லை என்ற கடிதத்தை வாங்கிக்கொள்ளுங்கள். மிச்சம் 53,000-இல் ஐந்து வட்டி 40,000-ஐ முடியுங்கள். 13,000 நிற்கும். அது அடுத்த பள்ளிக் கட்டணத்துக்கு. அதைத் தொடக் கூடாது.

இதற்குப் பிறகு மாதம் கட்ட வேண்டியது: தனிநபர் கடன் 6,900, வங்கி நகை வட்டி 1,000, செயலித் தவணை 3,200, சீட்டு 4,500. மொத்தம் 15,600. முன்பு 25,800. வீட்டுச் செலவு 24,500-ஐச் சேர்த்தால் 40,100. இன்னும் 1,100 இடிக்கும். ஆறு மாதம் அதைக் கணவரும் நீங்களுமாகச் சமாளிக்க வேண்டியிருக்கும். ஆறாவது மாதம் செயலிக் கடன் தீரும், எட்டாவது மாதம் சீட்டு முடியும். அதன் பிறகு மிஞ்சும் 6,600-ஐ அப்படியே நகைக் கடன் அசலில் கட்டினால், ஒன்றரை வருடத்தில் வளையல் வீட்டுக்கு வந்துவிடும். தனிநபர் கடனுக்கு இன்னும் 33 தவணை இருக்கிறது. ஏறக்குறைய மூன்று வருடத்தில் எல்லாமே தீரும். சம்பளம் வந்த அன்றைக்கே பள்ளிக் கட்டணத்துக்கும் பண்டிகைக்குமான 6,500-ஐத் தனி சேமிப்புக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். அந்த ஒரு பழக்கம் இல்லாமல் இந்தத் திட்டம் ஜூன் மாதத்தைத் தாண்டாது.

ஏஜென்ட் சொல்லும் ஆறு லட்சம் வேண்டவே வேண்டாம். வங்கிகள் செயலாக்கக் கட்டணத்தைக் கடன் தொகையில் பிடித்துக்கொள்ளும். தனி ஆளின் எண்ணுக்கு முன்பணம் அனுப்பச் சொல்லாது. அந்த 15,000 போனால் திரும்பாது.

போலீஸ் வருமா?

வராது. வாங்கிய கடனைத் திருப்பிக் கட்ட முடியாமல் போவது சிவில் விஷயம். வங்கி உங்கள் மேல் வழக்குப் போட்டு, தீர்ப்பு வாங்கி, சம்பளத்தை ஜப்தி செய்யக் கேட்கலாம். அப்போதும் சம்பளத்தில் முதல் ஆயிரம் ரூபாயையும், மிச்சத்தில் மூன்றில் இரண்டு பங்கையும் தொட முடியாது. உங்கள் 24,000-க்கு மாதம் 7,666-க்கு மேல் பிடிக்க முடியாது. பி.எஃப். பணத்தை ஜப்தி செய்ய முடியாது. சமையல் பாத்திரம், படுக்கை, மத வழக்கப்படி பெண் கழற்றக் கூடாத நகை ஆகியவற்றுக்கும் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆவது பிரிவில் பாதுகாப்பு இருக்கிறது. ‘தாலியைக்கூட விடமாட்டோம்’ என்று மிரட்டியவனுக்கு இதுதான் பதில். அதே சட்டத்தின் 56-ஆவது பிரிவுப்படி, பணத் தீர்ப்பை நிறைவேற்றுவதற்காக ஒரு பெண்ணைக் கைது செய்து சிவில் சிறையில் வைக்க உத்தரவிட முடியாது.

ஆனால் காசோலை வேறு விஷயம். ஐந்து வட்டிக்காரரிடம் தொகை எழுதாத காசோலையும் புரோநோட்டும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறீர்கள். அவர் தொகையை நிரப்பி வங்கியில் போட்டு, அது திரும்பினால், மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆவது பிரிவில் குற்ற வழக்கே போடலாம். இரண்டு வருடம் வரை சிறை, அல்லது காசோலைத் தொகையில் இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்க இடம் உண்டு. வழக்குக்கு முன்னால் நோட்டீஸ் வரும், கட்டுவதற்குப் பதினைந்து நாள் அவகாசம் இருக்கும். பதிவுத் தபாலை வாங்காமல் திருப்பி அனுப்பினால் தப்பிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வங்கித் தவணை உங்கள் கணக்கில் பணமில்லாமல் திரும்பினாலும் இதே போன்ற ஒரு சட்டப் பிரிவு இருக்கிறது. ஒரு மாதம் கட்ட முடியாது என்று தெரிந்தால், தவணைத் தேதிக்கு முன்பே கிளையில் எழுத்து மூலம் சொல்லிவிடுங்கள்.

வசூலுக்குக் காலை 8 மணிக்கு முன்னாலும் இரவு 7 மணிக்குப் பின்னாலும் போன் செய்யக் கூடாது, சொந்தக்காரர்களையும் நண்பர்களையும் கூப்பிட்டு அவமானப்படுத்தக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஆறரை மணிக்கு வந்த அழைப்புகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, தேதியோடு வங்கிக்குப் புகார் எழுதுங்கள். முப்பது நாளில் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்; 14448-இல் வழி சொல்வார்கள். தமிழ்நாட்டிலும் 2025-இல் கட்டாய வசூலைத் தடுக்கத் தனிச் சட்டம் வந்திருக்கிறது.

ஐந்து வட்டியும் ஏழு நாள் செயலியும்

2003-ஆம் வருடத் தமிழ்நாடு கந்துவட்டித் தடைச் சட்டப்படி அநியாய வட்டி வாங்குவது குற்றம். மூன்று வருடம் வரை சிறையும் 30,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. அசலையும் அரசு அனுமதித்த வட்டியையும் நீதிமன்றத்தில் கட்டி, கடனைத் தீர்த்ததாகப் பதிவு செய்யக் கேட்கவும் வழி இருக்கிறது. இருந்தாலும், தினமும் முகம் பார்க்கிற பக்கத்துத் தெரு மனிதர் என்பதால் முதலில் பேசிப் பார்க்கச் சொல்கிறேன். கணவரோடும் ஒரு பெரியவரோடும் போய், ‘அசலைச் சுளையாகத் தருகிறோம், 36,000 வட்டி வாங்கியிருக்கிறீர்கள், அதில் கொஞ்சம் அசலில் கழியுங்கள்’ என்று கேளுங்கள். ஐந்தாயிரம் குறைந்தாலும் லாபம். பணம் கைமாறும் அதே நிமிடத்தில் காசோலையும் புரோநோட்டும் உங்கள் கைக்கு வர வேண்டும். ‘எங்கேயோ வைத்திருக்கிறேன், தேடித் தருகிறேன்’ என்றால் பணத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். மிரட்டினால் காவல் நிலையத்திலும், திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்திலும் மனு கொடுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. 15100-க்குப் பேசினால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக் குழுவின் உதவி கிடைக்கும்.

ஏழு நாள் செயலி கடன் நிறுவனமே இல்லை என்று நினைக்கிறேன். 5,000 கடன் என்று காட்டி 3,100 மட்டும் கணக்கில் போட்டு, ஏழாம் நாள் 5,000 கேட்பது எந்த முறையான நிறுவனமும் செய்யும் வேலை அல்ல. கடன் செயலிகள் உங்கள் போனில் இருக்கும் தொடர்பு எண்களையும் படங்களையும் எடுக்கக் கூடாது என்று 2022-லேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. பின்னால் ஏதாவது வங்கியோ பதிவு பெற்ற நிதி நிறுவனமோ இருக்கிறதா என்று ரிசர்வ் வங்கித் தளத்தில் உள்ள செயலிப் பட்டியலில் பாருங்கள். இல்லை என்றால், ஏற்கெனவே மூன்று முறை 5,000 கட்டிவிட்ட நீங்கள் மறுபடி வாங்கிக் கட்டாதீர்கள். மிரட்டல் செய்திகளைச் சேமித்துக்கொண்டு 1930-இல் சைபர் குற்றப் புகார் கொடுங்கள். போட்டோவை மாற்றி எல்லோருக்கும் அனுப்புவேன் என்பதுதான் அவர்களுடைய ஒரே ஆயுதம். கணவருக்கும் அலுவலகத்தில் நம்பிக்கையான ஒருவருக்கும் முன்கூட்டியே சொல்லிவிட்டால் அந்த மிரட்டலுக்கு உங்களிடம் வேலை இருக்காது.

ஐ.பி. பற்றிக் கேட்டீர்கள். மஞ்சள் கடுதாசி கொடுத்தால் மறுநாளே கடன் போய்விடும் என்று ஊரில் பேசிக்கொள்வது தவறு. 2016 திவால் சட்டத்தில் தனிநபர்களுக்கான பகுதி உங்களைப் போன்ற சாதாரணக் கடன்காரர்களுக்கு இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. உங்கள் மாவட்டத்துக்கு 1920-ஆம் வருடத்துப் பழைய சட்டம்தான். நீதிமன்றம், சொத்தைப் பொறுப்பெடுக்கும் அதிகாரி, வருடக் கணக்கில் வாய்தா என்று இழுக்கும். அடகு நகையின் மேல் கடைக்காரருக்கு இருக்கும் உரிமையும் போகாது. மாத வருமானம் உள்ள நீங்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

தாய்மாமன் சீரைப் பற்றிக் கணவர் தன் அக்காவிடம் தானே பேசட்டும். பவுனுக்குப் பதில் பட்டுப்புடவையோடு நிறுத்திக்கொள்ள வேண்டியிருக்கலாம். அந்த முடிவை அவருக்கு விட்டுவிடுங்கள். கல்யாணத்துக்கு நீங்கள் தாலிக்கொடியோடு போகலாம்.

பேசி முடித்த பிறகு, அடகுக் கடையில் இரண்டு சீட்டுக்கும் இன்றைய தேதியில் வட்டியோடு மீட்புத் தொகை எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். கார்டு பாக்கியின் சரியான தொகையையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஆரத்தை விற்க வேண்டாம் என்று கணவர் சொன்னால், அவர் மாதம் எவ்வளவு கூடுதலாகத் தர முடியும் என்று கேட்டு, அந்தத் தொகையோடு எழுதுங்கள். கணக்கை மாற்றிப் போட்டு அனுப்புகிறேன்.